அந்த மைனஸ் 1-ஐ மாற்றுங்கள்: போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் டேட்டாபேஸை நம்பிப் பிழைப்பவர்களில் நானும் ஒருவன். மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற ஒரே ஒரு செட்டிங்கையும், அதன் டிஃபால்ட்டான மைனஸ் 1-ஐயும் பற்றித்தான் இந்த மடல்.

சர்வரில் டிஸ்க் நிரம்புகிறது என்று அலாரம் வருகிறது. டேட்டாபேஸின் அளவைக் கேட்டால் 40 ஜிபி என்கிறது. டிஸ்கிலோ 300 ஜிபி போயிருக்கிறது என்று வையுங்கள். பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது, பழைய பதிவுகளை டெலிட் செய்வது. இடம் திரும்பாது. அந்த டெலிட்டும் வால் (WAL) கோப்புகளில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்து வைக்கும் கோப்புகளில், எழுதப்படுவதால் டிஸ்க் இன்னும் வேகமாக நிரம்பும். டேபிளைச் சுருக்கி இடத்தை மீட்கும் வாக்யூம் ஃபுல் போடலாம் என்றால், டேபிளைப் புதிதாக எழுத அதற்கே தனி இடம் வேண்டும்.

கடைசியில் வால் கோப்புகள் இருக்கும் பிஜி_வால் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், 16 எம்பி கோப்புகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். வால் கோப்புகளின் அளவுக்கான மேக்ஸ்_வால்_சைஸ் 1 ஜிபிதானே என்று திகைப்பார்கள். அது கறாரான வரம்பு இல்லை என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறீர்கள், சரி. பெயரில் 'மேக்ஸ்' இருக்கும்போது ஆவணத்தை யார் புரட்டுகிறார்கள்?

பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவில் விடை இருக்கும். மாற்றங்களைப் படிக்கும் வேறொரு சர்வரோ கருவியோ எதுவரை படித்தது என்று குறித்து, மீதி வால் கோப்புகளை அழியாமல் வைப்பதுதான் ஸ்லாட். ஆக்டிவ் என்ற இடத்தில் 'எஃப்', அதாவது இல்லை; எங்கிருந்து வால் தேவை என்று காட்டும் ரீஸ்டார்ட்_எல்எஸ்என் எப்போதோ நின்றுபோன இடத்திலேயே. யாரோ மாற்றங்களைப் படித்து வேறு இடத்துக்கு அனுப்பும் டெபீசியம் கருவியைச் சோதித்துவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது ஒரு ரெப்ளிகாவை, அதாவது பிரதி சர்வரை, கழற்றியிருப்பார்கள். ஸ்லாட்டை நீக்க மறந்திருப்பார்கள். வரவே போகாத விருந்தாளிக்கு இலை போட்டுக் காத்திருப்பதுபோல் சர்வர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும். ஸ்லாட்டை டிராப் செய்து, அப்புறம் ஒரு செக்பாயின்ட் (மாற்றங்களை டேட்டா கோப்புகளில் எழுதி முடிக்கும் வேலை) ஓடினால் இடம் திரும்பிவிடும். கண்டுபிடிக்கத் தாமதமானால்? வால் எழுத இடமின்றி சர்வர் பேனிக் ஆகி நின்றுவிடும்.

ஸ்லாட் 2014-இல் 9.4 பதிப்பில் வந்தது. அதற்கு வரம்பு கட்டும் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் 2020-இல், 13-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதன் டிஃபால்ட் மைனஸ் 1, அதாவது வரம்பே இல்லை. 18-ஆம் பதிப்பு, சும்மா கிடக்கும் ஸ்லாட்டைக் காலம் கடந்தால் செல்லாததாக்கும் வசதியைத் தந்தது. அதன் டிஃபால்ட்டும் 0. பூட்டு இரண்டு கொடுத்தும், இரண்டையும் திறந்தே வைத்திருக்கிறீர்கள்.

வரம்பு வைத்தால் நெடுநேரம் முடங்கிய ரெப்ளிகா உடைந்துபோகும் என்பீர்கள். உண்மைதான், அதை மறுபடி கட்டுவது எரிச்சலான வேலை. ஆனால் பிரைமரி, அதாவது மூல சர்வர், நின்றால் மொத்த வியாபாரமும் நிற்கும். எது நிற்கலாம் என்று டிஃபால்ட் முடிவு செய்யுமானால், அது ரெப்ளிகாவாக இருக்கட்டும். வரம்பே வேண்டாம் என்பவர்கள் தாங்களே மைனஸ் 1 போட்டுக்கொள்ளட்டும்.

பயன்படுத்துபவர்களின் பிழையை முன்கூட்டித் தடுப்பது உங்களுக்குப் புதிதல்ல. பிஜி_எக்ஸ்லாக் என்ற பெயரைப் பார்த்து வெறும் லாக் என்று நினைத்து அழித்தார்கள் என்பதால்தானே 10-ஆம் பதிப்பில் பிஜி_வால் ஆக்கினீர்கள்?

எண் எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அதுவரை, செயல்படாத ஸ்லாட் ஒன்று மேக்ஸ்_வால்_சைஸைத் தாண்டிப் பிடித்து வைத்திருந்தால், ஒவ்வொரு செக்பாயின்ட்டிலும் அதன் பெயரோடு ஒரு எச்சரிக்கை வரி லாகில் விழட்டும்.

இப்படிக்கு,
ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி