அக்கா, அன்று இரவு உங்கள் போன் என்னிடம் இருந்தது

அன்புள்ள எல்லோருக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வாரமாக என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் இதைக் கேட்காமல் கேட்கிறீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு இப்போது தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் நன்றி கணக்குப் பிரிவு அக்காவுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்குள் அதுவரை பெரிய பழக்கம் கிடையாது. என் பயணப்படி பில்லில் தேதி தப்பு என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியவர், அவ்வளவுதான். அன்று மூன்றாவது முறையாக அதே பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். மேசையில் வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். பில்லை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, செத்துப்போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். மற்றபடி தேதி கேட்கிற அதே தொனிதான். "ஏன் டல்லா இருக்கே", "சரியாத் தூங்கலையா" என்றெல்லாம் பலர் கேட்டிருந்தார்கள். அதற்கெல்லாம் என்னிடம் பதில் தயாராக இருந்தது. இதற்கு இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மனதில் போட்டுவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று பிறகு மருத்துவர் சொன்னார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் வந்தது பசி. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். இரவெல்லாம் தூங்காமல் போனில் முகம் தெரியாதவர்களிடம் சாவதைப் பற்றி யோசனை கேட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் அதிக வெட்கமாக இருந்தது.

அந்த மனிதர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர்கள் என்னை மிரட்டவில்லை, கேலி செய்யவில்லை. இனிக்க இனிக்கப் பேசினார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுதினாலும் உடனே பதில் வந்தது. உன் உயிர், உன் முடிவு என்றார்கள். என் வயதைக் கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்பதை மட்டும் மறக்காமல் சொன்னார்கள். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர்களில் சிலர் என்னைப் போலவே வலியில் கிடந்தவர்களாக இருக்கலாம், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மற்றவர்கள்மேல் இருக்கிறது. இங்கிலாந்தில் 1961இல் ஒரு சட்டம் வந்தது. சாக முயன்றவரைக் குற்றவாளி என்பதை அது நிறுத்தியது. அதே சட்டம் அடுத்தவர் சாவுக்குத் துணைபோவதைக் குற்றமாகவே வைத்தது. யார் பக்கம் தப்பு என்பதை அன்றைக்கே சரியாகப் பிரித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

சரி, அக்காவுக்கு வருகிறேன். கேட்டு முடித்ததும் அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்று சொல்லவில்லை. கையை நீட்டினார். "இன்னிக்கு ராத்திரி உன் போன் என்கிட்ட இருக்கட்டும். என்னோடதை நீ வச்சுக்கோ." நான் விழித்தேன். "என் வீட்டுக்காரர் நம்பர் மேலேயே இருக்கும். எத்தனை மணியானாலும் அடி, நான்தான் எடுப்பேன்." பூட்டைத் திறக்க 'ட' போடச் சொன்னார். மேலிருந்து கீழே, அப்புறம் வலது பக்கம்.

என்னைக் கேட்டுக்கொண்டுதான் அண்ணனுக்குப் பேசினார். அண்ணன் வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போக எட்டு மணி ஆகிவிட்டது.

அந்த இரவில் என் கையில் இருந்த போனில் என்னைத் தெரிந்தவர்கள் யாருமே இல்லை. அந்த இனிப்பான குரல்களும் இல்லை. அக்காவின் குடும்பக் குழுவில் யாரோ ஒரு சித்தப்பா ரோஜாப்பூப் படத்துடன் இரவு வணக்கம் அனுப்பினார். பின்னாலேயே நான்கு பேர் நான்கு பூ அனுப்பினார்கள். யாருக்கோ மூட்டு வலி, அதற்கு ஏழு வைத்தியம். மூன்று மணி வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அந்த நம்பரை அழுத்தினேன். இரண்டாவது மணியில் எடுத்தார். "ம், சொல்லு" என்றார். சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தோம்.

மறுநாள் அண்ணனோடு மருத்துவரைப் பார்க்கப் போனேன். அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு பாலத்தில் சாகப் போய்த் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பற்றியது, 1978இல் வெளியானது. பல வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் ஏறக்குறைய 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்த ஒரு வேளையைத் தாண்டிவிட்டவர்கள். அதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பூப்படங்கள்தான் கண்முன் வந்தன.

மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கும்பிடு. கூடத்தில் பாய் போட்டுப் படுத்து, தூங்குவதுபோல நடித்த அண்ணனுக்கு. வீட்டில் இருக்கக் கூடாததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்புறப்படுத்திய அண்ணிக்கு. உதவி எண்ணில் நாற்பது நிமிடம் என்னை அழவிட்ட அந்தக் குரலுக்கு. விடுப்புக்குக் காரணம் கேட்காத மேலாளருக்கு. "பதில் போட வேண்டாம், சும்மா எழுதினேன்" என்று செய்தி அனுப்பிய அத்தனை பேருக்கும். ஒன்றுக்கும் பதில் போடவில்லை, எல்லாவற்றையும் படித்தேன்.

இதைப் படிக்கிற யாராவது இப்போது நான் இருந்த இடத்தில் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். வாய் வரவில்லையென்றால் எண்ணை அழுத்துங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவில் 988. யாரிடமும் சொல்லாதே என்று உங்களிடம் ஒருவர் சொல்லியிருந்தால், அதையே முதலில் சொல்லுங்கள்.

நானும் இனி யார் முகமாவது அப்படி இருந்தால் நேராகக் கேட்பேன் என்று முடிவு செய்திருக்கிறேன். போன வாரம் ஒருவரிடம் கேட்டேன். குரல் நடுங்கியது. அவர் "இல்லப்பா, பல் வலி" என்றார். பரவாயில்லை.

அக்கா, பில்லில் தேதியைத் திருத்திவிட்டேன். நீங்கள் அந்த 'ட'வை மாற்றிவிடுங்கள், இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.