தூக்குச்சட்டி பத்திரமாக இருக்கிறது

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கணியம்பாடியிலிருந்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறும் சாலையில் மூட்டை கட்டிய இரண்டு சைக்கிள்களைப் பார்த்திருந்தால், அது நாங்கள்தான். அன்றைக்கு எங்களுக்கு உதவி செய்த உங்களில் ஒருவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து ஈரத் துணியை எல்லாம் காயப்போட்ட பிறகுதான் அது உறைத்தது. அதனால் பெயர் போடாமல், நீங்கள் செய்ததைச் சொல்லியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது செல்போனில் படித்துக் காட்டாமலா போவார்கள்?

என் வீட்டுக்காரரும் நானும் பெரிதாக ஒன்றும் திட்டம் போடவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு வேலூரில் கிளம்பி பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி, அங்கே வலது பக்கம் திரும்பி அமிர்தி, அப்புறம் மலை. ராத்திரி மேலே எங்காவது கூடாரம். காவலூரில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பதும் இதே மலையில்தான். அவ்வளவு பெரிய கண்ணாடியைக் கொண்டுவந்து வைக்கிற அளவுக்கு இருட்டான வானம் என்றால், ஒரு ராத்திரி நாமும் மல்லாந்து படுத்துப் பார்க்கலாமே என்று ஆசை.

முதல் நன்றி பஞ்சர் கடை நைனாவுக்கு. கணியம்பாடி தாண்டி ஓரமாக ஒதுங்கித் தண்ணீர் குடித்த இரண்டு நிமிடத்தில் என் முன் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. சீமைக்கருவேல முள். கையில் ஒட்டுகிற சாமான் இருந்தது, ஒட்டினோம். ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, திரும்பவும் காற்று இறங்கிவிட்டது. இன்னொரு முறை ஒட்டினோம், அதுவும் அதே கதை. உங்கள் கடைக்கு உருட்டிக்கொண்டு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். “குந்துங்க மொதல்ல” என்று பெஞ்சைக் காட்டினீர்கள். ட்யூப் பக்கமே போகவில்லை. டயரைக் கழற்றி, பனியன் துணி ஒன்றைச் சுருட்டி உள்பக்கமாக வட்டமாக ஓட்டினீர்கள். ஓர் இடத்தில் துணி நூல் இழுத்துக்கொண்டு நின்றது. அங்கே கடுகில் பாதி அளவுக்கு ஒரு முள் நுனி. குறடால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “ட்யூப்ப ஒட்டிட்டீங்க, முள்ள யாரு எடுக்கிறது?” என்றீர்கள். எங்களுக்குள் சண்டை அத்தோடு முடிந்தது.

காற்று அடிப்பதில் அடுத்த வம்பு. எங்கள் சைக்கிளில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. “இன்னா இது, ஊசி மாதிரி இக்குது” என்று கம்ப்ரஸர் குழாயை வைத்துப் பார்த்தீர்கள், பிடிக்கவில்லை. எங்கள் குட்டிப் பம்பில் அடித்தால் தோள் கழன்றுவிடும், மலை ஏறுகிற அளவுக்குக் காற்றும் ஏறாது. நீங்கள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, நட்டு போல்ட்டுக்கு நடுவில் விரலால் துழாவி, பித்தளையில் ஒரு சின்ன மரையை எடுத்து எங்கள் வால்வு மேல் திருகினீர்கள். யாரோ எப்போதோ விட்டுவிட்டுப் போனதாம். பஞ்சருக்கு மட்டும் நாற்பது ரூபாய். மரைக்கு? “அத்த வெச்சுக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?” இப்போது அது என் சாவிக்கொத்தில் இருக்கிறது.

சாப்பாட்டுக் கடை ஆயாவுக்கு அடுத்த நன்றி. எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, “பெட்ரோலு வெல அவ்ளோ ஏறிப்போச்சா கண்ணு?” என்று கேட்டீர்கள். சும்மா ஆசைக்குத்தான் ஓட்டுகிறோம் என்று சொன்னதை நீங்கள் நம்பவே இல்லை. வசதியில்லாத பிள்ளைகள், வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போல. களியும் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும் கேட்காமலே இரண்டாம் தடவை வந்தது, கணக்கில் வரவில்லை. இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. காம்பில் இருந்த முள் ஒன்று என் விரலில் குத்தியது. அன்றைக்கு இரண்டாவது முள், ஆனால் இதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

ஏற்றத்தில் சைக்கிளைப் பின்னால் இருந்து தள்ளிவிட்ட பள்ளிக்கூடப் பசங்களுக்கும் நன்றி. “மேலே ஏத்திக்கோங்க, எறக்கி உடுறேன்” என்று நிறுத்திய மினி வேன் அண்ணனுக்கும் நன்றி. வேண்டாம் என்று வீறாப்பாகச் சொன்னது என் வீட்டுக்காரர். நான் இல்லை.

வனக்காவலர் அண்ணனிடம் நன்றியோடு ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். ஓடை ஓரம் சமதரையைப் பார்த்ததும், இருட்டுவதற்குள் கூடாரம் போட்டுவிடலாம் என்று கம்பிகளை எடுத்தே விட்டோம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்கக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை. களைப்பில் தெரியாத மாதிரி இருந்துகொண்டோம். நீங்கள் வழக்குப் போட்டிருக்கலாம். “கரடி சுத்துற எடம்மா இது” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊர் வரும்வரை பைக்கை எங்களுக்குப் பின்னால் முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். எங்கள் நிழல் இரண்டும் எங்களுக்கு முன்னால் நீண்டு மலை ஏறிக்கொண்டிருந்தது. மூன்று கிலோமீட்டர் இருக்கும். கடைசியில் களத்து மேட்டு வீட்டில் நீங்களே பேசி இடம் வாங்கிக் கொடுத்தீர்கள்.

அக்கா, இனி எழுதுவது உங்களுக்கு.

களத்தில் சாமை அடித்துக் குவித்திருந்தீர்கள். அதன் ஓரமாகக் கூடாரம் போட்டுக்கொள்ளச் சொன்னீர்கள். நட்சத்திரம்? ஒன்றுகூட இல்லை. ஏழு மணிக்கே வானம் மூடிக்கொண்டது, பத்து மணிக்கு மழை பிடித்தது. கூடாரத்துக்குள் தண்ணீர் வந்து நாங்கள் திணறிக்கொண்டிருந்தபோது உங்கள் வீடே வெளியில் ஓடிவந்தது. எங்களுக்காகத்தான் என்று நினைத்து நான் கையைக்கூட ஆட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் சாமைக்குத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தீர்கள். சரி, நாங்களும் போய் ஒரு முனையைப் பிடித்தோம். நாலு பக்கமும் கல் வைத்து முடித்த பிறகுதான் எங்களைப் பார்த்து, “ஐயோ, நீங்க இன்னும் வெளியிலயா இருக்கீங்க?” என்றீர்கள்.

உள்ளே அடுப்பில் விறகைத் தள்ளி, என் தலையை நீங்களே துவட்டிவிட்டீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து என் தலையை யாரும் துவட்டியதில்லை. சாமைச் சோறும் கொள்ளு ரசமும் கொடுத்தீர்கள். சாமை ஆறினால் உதிர்ந்துவிடும், சூட்டோடு சாப்பிடு என்று தட்டைப் பார்த்தபடி பக்கத்திலேயே குந்தியிருந்தீர்கள். எங்கள் தூங்கும் பைகள் அடுப்புக்கு மேலே பரணில் ராத்திரி முழுக்கத் தொங்கின. இன்னும் புகை வாசனை போகவில்லை. துவைக்க எனக்கும் மனசு வரவில்லை.

காலையில் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தீர்கள். பாத்திரத்தை எப்படித் திருப்பித் தருவது என்றதற்கு, “அடுத்த தபா வரப்ப குடு” என்றீர்கள். அது ஏதோ பழைய தூக்குச்சட்டி என்றுதான் நாங்களும் நினைத்தோம். வீட்டில் சாம்பல் போட்டுத் தேய்த்தபோது அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது. ஒரு பெயர், அதற்குக் கீழே ‘கண்ணமங்கலம், வ.ஆ.மா.’, ஒரு தேதி, 1984. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம். 1989-இல்தானே பிரித்தார்கள்? உங்கள் கல்யாணத்துக்கு வந்ததா, உங்கள் அம்மாவுடையதா, தெரியவில்லை. இதையா முன்பின் தெரியாத இரண்டு பேர் கையில் கொடுத்து அனுப்புவீர்கள்?

தை பிறந்ததும் கொண்டுவருகிறோம். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாதே, எதைப் போட்டுக் கொண்டுவருவது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. ஆற்காடு மக்கன் பேடாதான் என்கிறார் அவர். மலை ஏறுகிற குலுக்கலில் ஜீரா எல்லாம் ஒழுகிவிடும் என்கிறேன் நான். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.