சித்தப்பாவோட நேரமெல்லாம் எங்க போச்சு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சபை மூப்பரா இருந்த உன் அப்பாவை, என் சித்தப்பாவை, அடக்கம் பண்ணின அன்னிக்கு ராத்திரி போன்ல நீ ஒண்ணு கேட்டே, "அக்கா, ஊருக்கெல்லாம் அப்பா இருந்தாவ, எனக்கு எப்ப இருந்தாவ?"ன்னு. லீவு கிடைக்காம அங்க கிடந்து அழுதுட்டு இருந்த உன்கிட்ட அப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியல, வீடு நெறய ஆளு வேற. இப்ப சொல்றேன். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறதுக்குக் காரணம், பாறசாலை களியக்காவிளை பக்கத்துல சபை மூப்பர் வீட்டுல வளந்த பிள்ளைங்க நெறய பேருக்கு இந்தக் கேள்வி உண்டு.

ரப்பர் வெட்டு எப்படின்னு உனக்கு நான் சொல்ல வேண்டாம். விடியறதுக்கு முந்தி தலையில லைட்டை மாட்டிட்டு எறங்கணும், வெயில் ஏறினா பால் ஓட்டம் கொறஞ்சிடும், பட்டையை மட்டும் சீவணும், கத்தி உள்ள இருக்கிற மரத்துல பட்டா அந்த எடத்துல திரும்ப நல்ல பட்டை பிடிக்காது. சிரட்டையில பால் நெறஞ்சதும் எடுத்து அரிச்சு தண்ணி சேத்து ஆசிட் விட்டு டிஷ்ல உறைய வச்சு மெஷின்ல குடுத்து ஷீட் அடிக்கணும். இதுக்கு நடுவுல கோயில்ல சாவு மணி அடிச்சா சித்தப்பா கத்தியை எறவாணத்துல சொருவிட்டு, சட்டையை மாத்தி, பட்டன் போட்டுட்டே நடந்துருவாவ. சித்தி ஒருத்தியா ஓடி ஓடி எடுத்தது போக மீதி சிரட்டையிலேயே கட்டியாகி ஒட்டுப்பாலா போயிடும், ஷீட்டுக்கு கிடைக்கிற விலை அதுக்கு எங்க கிடைக்கும்? "மணி அடிச்சா நம்ம பால் போச்சு"ன்னு சித்தி சொல்லுவாவ, நீயும் கேட்டிருப்பே. உனக்கு பீஸ் கட்ட லேட்டான சில மாசம் இதனாலதான்.

சாவு வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவாவன்னு நீ பாத்திருக்க மாட்டே, நான் கூட போயிருக்கேன். துக்கம் விசாரிக்கிறதுக்கு முந்தி அடுக்களைப் பக்கம் போய் அரிசி இருக்கா, கட்டஞ்சாயா போட சீனி இருக்கான்னு பாப்பாவ. எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டு விளவங்கோடு தாலுகாவுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு யாரு சொல்லணும்னு ஆளு ஏற்பாடு பண்ணுவாவ. அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் குழி வெட்டுற பையன்மாருக்கு எடம் அளந்து குடுக்கணும், அங்கதான் பாதி சண்டையும், "எங்க அப்பன் பக்கத்துலதான் வேணும்"னு ஒருத்தன் நிப்பான், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாம இருப்பானுவ. ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டுப் பேசி, பொட்டி வர்றதுக்குள்ள முடிச்சிருவாவ.

நம்மளது பழைய லண்டன் மிஷன் சபை. 1947 செப்டம்பர் 27-ல சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, ஆன பிறகும் ஐயர்மாரு, அதான் போதகர்மாரு, வருவாவ போவாவ, ஊர்லயே கிடக்கிறது மூப்பர்தான். அது மட்டும் இல்ல, 1956 நவம்பர் 1-ல விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் அந்தப்பக்கம் மெட்ராஸ் மாநிலத்துக்குப் போச்சு, நெய்யாற்றின்கரை இந்தப்பக்கம் கேரளத்துல நின்னுச்சு. 1959-ல நம்ம சபைங்க எல்லாம் சேர்ந்த பேராயமும் தென்கேரளம், கன்னியாகுமரின்னு ரெண்டா ஆச்சு. குடும்பம் அங்க, பேரு எழுதின புஸ்தகம் இங்க. வயசு சர்டிபிகேட்டுக்கு ஞானஸ்நானப் பதிவு வேணும்னு குழித்துறை மார்த்தாண்டத்துல இருந்து வயசானவங்க வருவாங்க, பொறந்த வருசம் தெரியாது, "பெரிய மழை பெய்ஞ்ச வருசம்"னு சொல்லுவாங்க. சித்தப்பா அந்தப் பழைய ரிஜிஸ்டரைத் திண்ணையில வச்சு, பக்கம் கிழியாம நுனி விரலால புரட்டிப் புரட்டி, அப்பன் பேரை வச்சுத் தேடுவாவ. ஒரு பேருக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிருக்கு. நீ கணக்கு நோட்டை வச்சிட்டு வாசப்படியில நின்ன சாயங்காலங்கள் அதெல்லாம். எனக்கு ஞாபகம் இருக்கு.

ஆராதனை தமிழ்லயா மலையாளத்துலயான்னு சபையில வந்த சண்டை உனக்குத் தெரியும். பிள்ளைங்க படிக்கிறது மலையாள ஸ்கூல், பெரியவங்க பைபிள் தமிழ். யார் ஜெயிச்சா யார் தோத்தான்னு அதை நான் இங்க எழுதல. உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. ஓய்வுநாள் பள்ளியில பாட்டு புஸ்தகத்தைப் பிடிச்சிட்டு வாயை மூடி நின்னே பாரு, தமிழ் எழுத்து தெரியாம, அன்னிக்கு சாயங்காலமே சித்தப்பா ஒரு நீளமான நோட்டு வாங்கினாவ. தமிழ் கீர்த்தனையை மலையாள எழுத்துல பாத்துப் பாத்து எழுதினாவ. மலையாளம் அவங்களுக்கு எழுதிப் பழக்கம் கிடையாது, கொச்சம்மாவீட்டுப் பொண்ணுகிட்ட எழுத்து கேட்டுக் கேட்டு, அடிச்சு, பக்கத்துல திருத்தி எழுதியிருக்காவ. ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அதைப் பாத்துத்தான் பாடுச்சு, அதனால அது சபைக்கு எழுதினதுன்னு நீ நெனச்சிருப்பே. முதல் பக்கத்துல உன் பேரு இருக்கு, மலையாளத்துல, எழுத்து ஒண்ணு தப்பா.

உன் வருத்தம் நியாயம் இல்லன்னு நான் சொல்ல வரல. ஊருக்குக் குடுத்த நேரம் சித்தி தலையில வந்து விடிஞ்சது, உன் தலையிலயும் விடிஞ்சது. வீட்டுல கேட்டுட்டு சித்தப்பா ஒரு நாளும் எறங்கினதில்ல, அது அவங்க செய்த தப்புதான், அவங்க இருக்கும்போதே நான் சொல்லியிருக்கேன், பதில் பேசாம கேட்டுட்டு இருந்தாவ. ஆனா அன்பு இல்லாம போனதுன்னு நீ சொன்னா என்னால ஒத்துக்க முடியாது.

நோட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு, வர்ற யார்கிட்டயாவது குடுத்து விடட்டுமா, இல்ல நீ வரும்போது வாங்கிக்கிறியான்னு சொல்லு. இன்னொண்ணு, மேலத்தோட்டத்து மரத்தை கடும்வெட்டுக்கு, அதான் மரத்தை முறிக்கிறதுக்கு முந்தி இருக்கிற பாலை எல்லாம் எடுக்கிற வெட்டுக்கு, கேட்டு கான்ட்ராக்டர் ரெண்டு தடவை வந்துட்டான். அந்த மரத்துல இன்னும் பட்டை கிடக்கு, இப்ப குடுக்க வேண்டாம்னுதான் என் அபிப்பிராயம், சித்தி உன்னைக் கேக்காம முடிவு சொல்ல மாட்டேங்கிறாவ. இந்த வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, சித்தியைக் கூப்பிட்டு நேரா பேசு.

அன்புடன்,
உன் அக்கா