கட்டங்களுக்கு நடுவே ஒரு 62: ஸ்மார்ட்வாட்ச் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு, குறிப்பாக அப்டேட் வெளியிடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். போன சித்திரையில் வருவதாகச் சொன்ன தமிழ் அப்டேட்டைப் பற்றித்தான். பிறகு ஆடி என்றார்கள். அதன் பிறகு தீபாவளி விற்பனை முடியட்டும் என்று உங்கள் கஸ்டமர் கேரில் சொன்னார்கள். இப்போது பொங்கலும் போய், எங்கள் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வே வரப்போகிறது. என்னிடம் உங்கள் புகார் எண்கள் மூன்று இருக்கின்றன. மூன்றையும் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடிவிட்டீர்கள். என் வாட்ச்சில் இன்றுவரை ஒரு தமிழ் எழுத்துகூட வரவில்லை. யார் மெசேஜ் போட்டாலும் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது.

இத்தனை மாதம் பொறுத்திருந்தவள் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன செவ்வாய்க்கிழமை.

நான் அரூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. அப்பாவும் அம்மாவும் ராசிபுரத்தில் தனியாக இருக்கிறார்கள். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். வகுப்பில் போனைக் கையில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் தலைமையாசிரியர் போட்ட விதி, நியாயமான விதிதான். போன் சைலண்டில் கைப்பையில் இருக்கும், பை மேஜைமேல் இருக்கும். 2,499 ரூபாய் கொடுத்து உங்கள் வாட்ச்சை வாங்கியதே அதற்காகத்தான். அடி எண்ணிக்கைக்கும் தூக்கக் கணக்குக்கும் நான் வாங்கவில்லை. வீட்டிலிருந்து ஏதாவது அவசரம் என்றால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு மூன்றாவது பாடவேளை. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் பைத்தான் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். கை அதிர்ந்தது. பார்த்தேன். மேலே அம்மாவின் பெயர். அதுவும் கட்டமாக வந்ததால் போனில் ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்திருந்தேன், அதனால் தெரிந்தது. கீழே ஒரு வரி கட்டங்கள், நடுவில் 62, அப்புறம் மறுபடி கட்டங்கள்.

அம்மா மார்க்கெட்டுக்குப் போனால் விலை சொல்லி மெசேஜ் போடுவாள். முந்தின நாளும் தக்காளி கிலோ 30 என்று போட்டிருந்தாள். அதுவும் வாட்ச்சில் கட்டங்களுக்கு நடுவே 30 என்றுதான் வந்தது. ஆக இதையும் ஏதோ காய் விலை என்றே நினைத்தேன். பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். நாலு நிமிஷத்தில் இன்னொரு அதிர்வு. இந்தத் தடவை எண்ணும் இல்லை, இரண்டு வரி முழுக்கக் கட்டம். பிறகு மூன்றாவது. அப்போதுதான் மனசுக்குள் ஏதோ இடறியது. ஆனாலும் நிரலைப் பாதியில் விட முடியாமல் மணி அடித்த பிறகுதான் பையைத் திறந்தேன்.

"அப்பாவுக்கு சுகர் 62 காட்டுது"

"கை நடுங்குது வேர்த்துக் கொட்டுது என்ன பண்ணட்டும்"

"கண்ணு போன எடு"

சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பதற்றத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தற்செயலாக உள்ளே வந்து சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறார். நான் கூப்பிட்டபோது அப்பா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு வந்த மயக்கத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அவர். நேராகப் போனில் கூப்பிடாமல் மெசேஜ் போட்டவள் அம்மா. வகுப்பு நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிவைத்தவளே நான்தான். ஆனால் அந்த மூன்று வரிகளும் என் கைக்கு வந்து சேர்ந்தன. என் தோலில் மூன்று தடவை அதிர்ந்தன. என் தாய்மொழியில் வந்த செய்தி என் கையிலேயே இருந்தும் என்னால் வாசிக்க முடியவில்லை. இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் பேசிய தம்பி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அம்மாவை இங்கிலீஷில் மெசேஜ் போடச் சொல்லுங்க மேடம்" என்றார். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வாசிக்க முடியும். அதை எழுதிக் கொடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். என் அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவள். கண் மங்கலால் அவளுக்கு விசையைத் தொட்டு டைப் செய்ய வராது. மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் எழுத்தாகும் என்பதைப் போன வருஷம்தான் கற்றுக்கொண்டாள். அன்று முதல் பூ கட்டுவது, பால்காரர் வராதது எல்லாவற்றையும் எனக்கு எழுதுகிறாள். அவளிடம் போய், "நீ பேசுகிற மொழி என் கடிகாரத்துக்குத் தெரியாது, வேறு மொழியில் எழுது" என்று நான் சொல்ல வேண்டுமா? மாற வேண்டியது 65 வயதில் என் அம்மாவா, உங்கள் மென்பொருளா?

தொழில்நுட்பச் சிக்கல் என்று உங்கள் மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு ஆஸ்கி, யூனிகோடு பாடம் நடத்துகிறவள் நான் என்பதால் அதைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொதுத் தரம்தான் யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் நிரம்பியிருப்பவை 72 மட்டுமே. அவற்றை வைத்தே 247 எழுத்தையும் எழுதிவிடலாம். சிரமம் எங்கே என்றால், 'கொ' என்பது உள்ளே ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகப் பதிவாகியிருக்கும். திரையில் கொம்பை இடப்பக்கமும் துணைக்காலை வலப்பக்கமும் போட வேண்டும். அதைச் செய்ய எழுத்துருவும் வேண்டும், எழுத்தை அடுக்கிக் கோக்கும் நிரலும் வேண்டும். உங்களுடையதுபோன்ற விலை குறைந்த வாட்ச்சுகளில் ஆண்ட்ராய்டு ஓடுவதில்லை, நினைவகமும் சிறியது, எழுத்துரு ஃபர்ம்வேர் என்கிற, வாட்ச்சிலேயே பதிந்து வரும் அடிப்படை மென்பொருளுக்குள் இருக்கிறது. எங்களால் அதைத் தனியாக ஏற்றிக்கொள்ள முடியாது, நீங்கள்தான் அனுப்ப வேண்டும். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முதல் அப்டேட்டிலேயே இந்தியைக் கொடுத்தீர்களே. இந்தியிலும் இகரக் குறி எழுத்துக்கு இடப்பக்கம்தான் வந்து உட்காரும். கூட்டெழுத்துகளோ தமிழைவிடப் பல மடங்கு. தமிழில் பெரும்பாலும் புள்ளி வைத்தால் முடிந்தது. அந்தக் கடினமான வேலையைச் செய்து முடித்தவர்களுக்கு இது முடியாது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் யாரும் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரலும் அப்படித்தான். அதற்குத் தமிழ் நன்றாகத் தெரியும். இதற்கு நடுவில் நீங்கள் அனுப்பிய இரண்டு அப்டேட்டுகளிலும் புதிய வாட்ச் முகப்புகள் வந்தன, ஒரு விளையாட்டும் வந்தது. அதற்கெல்லாம் இடமும் நேரமும் இருந்திருக்கிறது.

இது ஒரு வாட்ச்சோடு நிற்கிற குறையும் இல்லை. ஏடிஎம்மில் தமிழ் வருகிறது. சில ஆயிரம் ரூபாய் போனிலும் தமிழ் வருகிறது. நான் வாட்ச் வாங்கிய கடையின் வாசலில் நீங்கள் கட்டியிருந்த பேனரிலும் நல்ல தமிழ் இருந்தது, ஒற்றுப்பிழைகூட இல்லை. விற்கிறவரை தமிழ் தேவைப்படுகிறது, விற்ற பிறகு அது 'பரிசீலனையில்' போய்விடுகிறது. என் வகுப்பில் தமிழ்வழியில் கணினி படிக்கிற பிள்ளைகளில் சிலர் நாளைக்கு உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு வேலைக்கு வருவார்கள். என் கையில் இருக்கும் கட்டங்களைப் பார்த்து, "ஏன் மிஸ் இப்படி வருது?" என்று கேட்கிறார்கள். யூனிகோடு பாடத்தை நடத்தி முடித்தவளால் அதற்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான்: தமிழ் அப்டேட் எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். 'விரைவில்' வேண்டாம், 'அடுத்த கட்டத்தில்' வேண்டாம். நாளும் மாதமும் போட்ட ஒரு தேதி வேண்டும். புதிய மாடலுக்கு மட்டும் கொடுத்துவிட்டு எங்களுடையதைக் கைவிடுவதாக இருந்தால், அதையாவது இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

தேதி வரும்வரை சின்னதாக ஒரு உதவியும் செய்யலாம். குறிப்பிட்ட ஒரு எண்ணிலிருந்து மெசேஜ் வந்தால் மட்டும் வேறு மாதிரி அதிர்கிற வசதியைக் கொடுங்கள். அதற்கு எழுத்துரு தேவையில்லை.

இப்போதைக்கு நாங்களே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். உங்கள் வாட்ச்சில் எண்களாவது ஒழுங்காகத் தெரிகின்றன அல்லவா? காலையில் சுகர் பார்த்து, சாப்பிட்டு முடித்ததும் அம்மா 1 என்று அனுப்ப வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் 2. 2 வந்தால் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே போகத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். நேற்று 1 வந்தது. இன்றைக்கும் வந்தது. பால்காரரைப் பற்றியும் பூவைப் பற்றியும் அம்மா இப்போது பகலில் எழுதுவதில்லை. எழுதினால் எண் எது செய்தி எது என்று குழம்பிவிடுவேனோ என்று பயப்படுகிறாள்.

அவள் மறுபடி எழுத வேண்டும், அது என் கையில் தமிழாகவே தெரிய வேண்டும். தயவுசெய்து அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் வாடிக்கையாளரான ஒரு கணினி ஆசிரியை,
அரூர், தருமபுரி மாவட்டம்