பந்தலைப் பிரிப்பதற்கு முன்னால்

பெஸ்கியேரா, கார்டா ஏரிக்கரை
செப்டம்பர் கடைசி வாரம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நம் திராட்சைப் பந்தலைப் பிரித்துவிடலாம் என்று நீ சொல்லிவருகிறாயே, அதற்கான என் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் வரும். மிலானில் வீட்டுக்குள்ளேயே இருந்தால் எனக்குக் கால் தரிக்காது என்று தெரிந்து, அக்காவும் மாப்பிள்ளையும் விடுப்புப் போட்டு எங்களை இந்த ஏரிக்கரைக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைதான். அறுவடை நேரம் வேறு. குலைகளை ஏற்றிக்கொண்டு டிராக்டர் மெதுவாக ஊர்ந்தால், பின்னால் வரும் கார்கள் ஹாரன்கூட அடிக்காமல் காத்திருக்கின்றன.

"அப்பா அங்கே குடிக்கிறாராமே" என்று நீ போனில் அம்மாவிடம் கேட்டுச் சிரித்தது என் காதிலும் விழுந்தது. ஆமாம், ஒயின் பண்ணைகளுக்குப் போகிறோம், வாய் வைத்துப் பார்க்கிறேன். ஆயுள் முழுக்கத் திராட்சை விளைவித்து மண்டிக்கு அனுப்பியவன், இன்னொரு ஊர்க்காரன் அதை வைத்து என்ன செய்கிறான் என்று பார்க்காமல் திரும்பினால்தான் குறை.

இதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். தோட்டத்தையும் நிலவறையையும் சுற்றிக் காட்டிவிட்டு மேசையில் உட்கார வைக்கிறார்கள். நான்கைந்து கண்ணாடிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் அளவு. கூடவே மொறுமொறுப்பான ரொட்டிக் குச்சியும் பாலாடைக்கட்டியும் வரும். பக்கத்தில் ஒரு சிறு வாளி. வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு அதில் துப்பிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. "காசு கொடுத்து வாங்கித் துப்புகிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றாள் அம்மா. இத்தாலியில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. அதனால் மாப்பிள்ளை அந்த வாளியை விட்டு நகர்வதே இல்லை. அம்மா ஒயினைத் தொடவில்லை. ஆலிவ் எண்ணெயில் ரொட்டியைத் தொட்டுத் தின்றுவிட்டு, எந்தப் பண்ணை எண்ணெய் உசத்தி என்று அவள் சொல்லும் தீர்ப்பை அக்கா மொழிபெயர்த்தால் பண்ணைக்காரர்கள் மிகவும் மகிழ்ந்துபோகிறார்கள்.

இந்த ஏரி மட்டும் இல்லையென்றால் இவ்வளவு வடக்கே ஆலிவும் எலுமிச்சையும் நிற்காது. பரப்பு ஏறக்குறைய 370 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 346 மீட்டர். கோடையில் வாங்கி வைத்த சூட்டை அவ்வளவு தண்ணீரும் குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஆல்ப்ஸ் மலை குளிர்காற்றை மறித்துக்கொள்கிறது. பழங்காலத்துப் பனியாறு மலையை அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் தெற்குக் கரையில் மேடு மேடாகக் கிடக்கின்றன. காலையில் வடக்கிலிருந்து பெலேர் என்றொரு காற்று, பிற்பகலில் தெற்கிலிருந்து ஓரா. வடபாதியில்தான் இரண்டுக்கும் வேகம், இங்கே தெற்கில் மெல்லத்தான் வீசுகிறது. ஆனாலும் இலையில் ஈரம் தங்குவது குறைவு. ஈர இலையில் பிடிக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடித்தே நாம் ஓய்ந்துபோகிறோமே, அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

தங்கியிருக்கும் ஊரைச் சுற்றி லுகானா என்ற வெள்ளை ஒயின். பழம் டுர்பியானா. நிலம் சுத்தக் களிமண். காய்ந்தால் மண்வெட்டி இறங்காது, நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட மண்ணில் இவ்வளவு தெளிவான சாறு வருவது ஆச்சரியம். எலுமிச்சை வாசம், கடைசியில் பாதாம் பருப்பின் லேசான கசப்பு. இதே மேடுகளில்தான் 1859 ஜூன் 24-ஆம் தேதி சோல்ஃபெரினோ போர் நடந்தது. களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்த ஹென்றி டுனான் என்ற சுவிஸ்காரர் மனம் கலங்கியதிலிருந்துதான் செஞ்சிலுவைச் சங்கமே பிறந்தது. இப்போது அங்கே கொடி வரிசைகள்.

கிழக்குக் கரையில் பார்டோலினோ. கோர்வினா, ரொண்டினெல்லா என்ற இரண்டு கறுப்புப் பழங்கள்தான் முக்கியம். சரளைக் கல் நிலம். வெளிர் சிவப்பு, செர்ரிப் பழத்தின் புளிப்பு, தொண்டையில் காந்தாத லேசான ஒயின். விலை குறைவு என்பதால் பெரிய ரசிகர்கள் இதை மதிப்பதில்லையாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஏரி மீனோடு சாப்பாட்டு மேசையில் வைக்கத் தோதானது இதைவிட எது என்று எனக்குத் தெரியவில்லை.

படகில் மேற்குக் கரைக்கும் போய் வந்தோம். வால்டேனெசி என்ற பகுதி, குரோப்பெல்லோ என்ற பழம். மோனிகா என்ற ஊரில் 1896-இல் பொம்பெயோ மொல்மென்டி என்ற வெனிஸ் செனட்டர், கறுப்புத் தோலைச் சாறோடு ஒரே ஒரு இரவு ஊறவிட்டுப் பிரிக்கும் முறையை வகுத்தார். ரோஜா நிறத்தில் வரும் அந்த ஒயினுக்குக் கியாரெட்டோ என்று பெயர். அக்கா அதையே வாங்கிக் குவித்திருக்கிறாள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஏரிக்குக் கிழக்கே, வெரோனா நகரத்துக்கு மேலே உள்ள குன்றுகளுக்கு வால்போலிசெல்லா என்று பெயர். வண்டி உள்ளே திரும்பியதும் நான் நிறுத்தச் சொன்னேன். பந்தல், தம்பி! தூண் நட்டு, தலைக்கு மேல் கட்டை சாய்த்து, கம்பி இழுத்து, அதன்மேல் கொடி. பெர்கோலா என்கிறார்கள். நம் கம்பம் ஊரில் பந்தல் என்றால் தோட்டம் முழுக்க மூடிய கூரை. இவர்களுடையது வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு, தாழ்வாரம் இறக்கியதுபோல நிற்கிறது. குலைகள் கீழே தொங்குகின்றன, இலை மேலே குடை பிடிக்கிறது. அடியில் குனிந்து நுழைந்ததும் அதே குளிர்ச்சி, அதே பச்சை வெளிச்சம். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு "கவாத்து ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்" என்றாள்.

அந்தத் தோட்டக்காரருக்கு என் வயது இருக்கும். அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச, வெயில் இறங்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கோர்வினாக் கொடியில் அடிக்கணுக்கள் சரியாகக் காய்க்காது, அதனால் கிளையை நீளமாக விட்டுத்தான் கவாத்து செய்ய வேண்டும், நீளக் கிளைக்குப் படர இடம் வேண்டும், அந்தக் காலத்திலிருந்தே பந்தல் இருப்பது அதனால்தான் என்றார். அவரிடமும் பாதி நிலத்தில் பந்தல் இல்லை, நிமிர்ந்த கம்பி வரிசைதான். நீ சொல்லும் காரணமேதான் அவரும் சொன்னார். ஆள் கிடைப்பதில்லை, மெஷின் உள்ளே போக வேண்டும். ஆனால் உலர்த்துவதற்கான குலைகளைப் பந்தலிலிருந்துதான் எடுக்கிறார். ஒன்றோடொன்று நெருக்காமல் தொங்குவதால் காற்று புகுந்து வருகிறது, நசுங்கல் இல்லை. கோடை முன்னைவிடக் கடுமையாகிவிட்டதால், கம்பி வரிசையில் வெயில் பட்டுத் தோல் வெந்துபோகிற பழம் பந்தலடியில் வேகாமல் தப்பிக்கிறதாம்.

உலர்த்துவது என்றேனே, அதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாய். நல்ல குலைகளை மட்டும் பொறுக்கி, மாடியறையில் மூங்கில் தட்டுகளிலும் பெட்டிகளிலும் ஒற்றை அடுக்காகப் பரப்புகிறார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு மூன்று நான்கு மாதம் காயவிடுகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில்தான் பிழிவார்கள். சர்க்கரை முழுக்கப் புளித்து ஆல்கஹாலாக மாறினால் அமரோனே, கொஞ்சம் இனிப்பை விட்டுவைத்தால் ரெச்சோட்டோ. இனிப்புதான் மூத்தது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட கோத் இன அரசரிடம் அமைச்சராக இருந்த காசியோடோரஸ், வெரோனாவின் உலர்ந்த பழ ஒயின் அரண்மனைக்கு வேண்டும் என்று எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இதே குன்றுகளில் கவிஞர் தாந்தேயின் மகன் 1353-இல் வாங்கிய நிலத்தில் அவர் வம்சம் இன்னும் குடியிருக்கிறது. நம் ஊரில் வியாபாரி எடை குறைகிறது என்று பறித்த அன்றே லாரியைக் கிளப்பச் சொல்வான். இவர்கள் எடையை வேண்டுமென்றே இழந்து, பார்டோலினோவைப் போல நான்கைந்து மடங்கு விலை வாங்குகிறார்கள்.

அமரோனே எப்படி என்று கேட்பாய். கனம். 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், கிஸ்மிஸ் வாசம், ஒரு வாய்க்கே காது சூடாகிறது. மரியாதை தோன்றியது, ஆசை தோன்றவில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். வால்போலிசெல்லாவில் ஒரு ஹெக்டேருக்கு 12 டன்தான் உச்சம். அதற்குமேல் எடுத்தால் ஊர்ப் பெயரை லேபிளில் போட முடியாது. கோடையில் பச்சைக் காயையே குலை குலையாக வெட்டித் தரையில் போடுகிறார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நம் பந்தலில் வருஷத்தின் இரண்டு கவாத்து அறுவடைக்கும் சேர்த்து அதைப்போல இரண்டு மடங்குக்குமேல் இறங்குகிறது. நம் பன்னீர் திராட்சைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் மண்டியில் கிலோவுக்கு என்ன கூடியது என்று யோசித்துப் பார்.

நம் பந்தலைப் பிரித்துவிட்டு, நாசிக் பக்கம் போல ஒய் வடிவக் கம்பி போடலாம் என்று நீ மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன் ஆள்கூலிக் கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. வெயில் கணக்கு அதில் இல்லை. பன்னீரின் தோல் எவ்வளவு மெல்லியது என்று உனக்கே தெரியும். சித்திரை வெயிலில் இலை மறைவில்லாமல் நின்றால் என்ன ஆகும்? கல்தூண் எல்லாம் தாத்தா நட்டவை என்பதற்காக நான் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்காதே, தூணுக்கு நாளைக்கே வேறு வேலை கொடுக்கலாம். முதலில் கிணற்றடித் துண்டில் மட்டும் புதுக் கம்பி போடு. இரண்டு அறுவடை பார்ப்போம். குலை எடையையும் வெந்த பழத்தையும் தனித்தனியாக எழுதி வை. நோட்டு உன்னிடமே இருக்கட்டும், நான் திருத்த மாட்டேன்.

ஊருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டு வரலாம் என்கிறார்கள். அம்மா பெயரிலும் இரண்டு லிட்டர் உண்டு என்று மாப்பிள்ளை கணக்குச் சொன்னார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. என் பங்குக்கு ஒரு பார்டோலினோவும் ஒரு ரெச்சோட்டோவும் எடுத்திருக்கிறேன். ரெச்சோட்டோ உனக்கு. அம்மாவின் பெட்டியில் அரை லிட்டர் ஆலிவ் எண்ணெய் இருக்கிறது, அதைப் பற்றி அவளே உன்னிடம் நெடுநேரம் பேசுவாள்.

அன்புடன்,
அப்பா