மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லாரும் நலம். பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து எல்லாரையும் அதட்டுகிறார். நாம் 'பெருங்காய டப்பா' என்று பட்டப்பெயர் வைத்தோமே, அவளைக் கடைத்தெருவில் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் விசாரித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "எங்களுக்குள் சண்டையெல்லாம் இல்லடி, பேசத்தான் ஒன்றும் இல்லை" என்று போனில் சொன்னாயே, அது மனசை விட்டுப் போகவில்லை. நீ சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்னால் உன் வீட்டுக்காரர் குரல் கேட்டது: "இங்கே வந்து பாரேன், முருங்கை பூத்திருக்கு." நீ வாயே திறக்கவில்லை. அந்த மனுஷர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், மல்லிகா!

அமெரிக்காவில், சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜான் காட்மன் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். வீடு மாதிரியே அமைத்த ஓர் ஆய்வுக்கூடத்தில் புதுசாகக் கல்யாணமானவர்களைத் தங்கவைத்துக் கவனித்தார்கள். ஒருவர் ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னால் மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, 'உம்' என்றாவது சொல்கிறாரா என்று கணக்கெடுத்தார்கள். 6 வருஷம் கழித்துப் பார்த்தால், சேர்ந்து வாழ்ந்தவர்கள் அப்படிப்பட்ட பேச்சுகளில் நூற்றுக்கு 86-க்குக் காது கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்குத்தான். நன்றாக வாழ்ந்தவர்களும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடவில்லை, கவனி. அதனால் நாள் முழுக்க அவர் பின்னாலேயே சுற்று என்று நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இவர் ராத்திரி சாப்பிடும்போது டிப்போ கதைதான். எந்த வண்டி பிரேக்டவுன், யாருக்கு டபுள் டூட்டி, இதேதான். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? "அப்புறம் அந்த டிரைவர் என்ன சொன்னார்?" என்று கேட்பேன், அவ்வளவுதான். தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டதை இவர் என்னிடம் சொன்னது அப்படியொரு ராத்திரியில்தான். பிரேக்டவுன் கதையில் ஆரம்பித்து அங்கே வந்து நின்றார். தினமும் பேசிப் பழகிய வாய்க்குத்தான் கஷ்டத்தையும் சொல்ல வருகிறது. திடீரென்று ஒருநாள் உட்காரவைத்து "மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்றால் எந்த ஆண்பிள்ளை சொல்லுவான்?

இதை உன் ஒருத்தி தலையில் கட்ட எனக்கு இஷ்டமில்லை. நீ பேசும்போது அவர் டிவியைப் பார்த்தால், "நான் சொல்வதைக் கேளுங்கள்" என்று அப்போதே சொல். மனசுக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்காதே. அந்தக் கலையில் நீ ஹாஸ்டலிலேயே பட்டம் வாங்கியவள்! அடிக்கிற, கேவலமாகப் பேசுகிற வீடாக இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உன் வீடு அப்படியில்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் வற்புறுத்துகிறேன்.

ஆவணிக் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வர வேண்டும். பஸ் வேண்டாம், ரயிலில் வாருங்கள். பேச நேரம் கிடைக்கும். டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல். அவரிடமும் நான் கேட்டதாகச் சொல்.

உன்,
வசந்தா