சைக்கிள் ஷூ விற்கும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியருக்கு வணக்கம்.

"போடப் போட லூசாகிடும் சார், தைரியமா எடுத்துக்கோங்க." சைக்கிள் ஷூ வாங்கப் போகிற இடத்தில் இதைக் கேட்காமல் திரும்பியவர்கள் குறைவு. தோல் செருப்புக்கும் ஆபீஸ் ஷூவுக்கும் இது ஓரளவு சரி. அடியில் கிளீட் என்ற சின்னக் கட்டையைத் திருகி, அதைக்கொண்டு பெடலில் மாட்டிக்கொள்கிற ஷூவுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதன் அடிப்பாகம் கெட்டியான நைலான் அல்லது கார்பன். மிதிக்கிற பலம் முழுக்க பெடலுக்குப் போக வேண்டும் என்பதற்காக, வளையக் கூடாது என்றே அதைச் செய்கிறார்கள். மேல்பாகமும் பெரும்பாலும் செயற்கைத் தோல்தான். சூடுபடுத்தி காலுக்கு ஏற்ற மாதிரி வடிவம் மாற்றிக்கொள்ளும் வகையும் உண்டு, ஆனால் விலை எங்கேயோ நிற்கும். மற்றபடி, கடையில் சுண்டுவிரலைக் கடித்த ஷூ அடுத்த வருடமும் கடிக்கும்.

இது வெறும் கால் வலி சமாசாரம் இல்லை. முன்பாதத்தில் விரல் எலும்புகளுக்கு நடுவே நரம்புகள் ஓடுகின்றன, இறுக்கமான ஷூவில் அவை நசுங்கும்போது முதலில் விரல் நுனி மரத்துப்போகும், அப்புறம் உள்ளங்காலில் தணல் வைத்தது போல எரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் போய்த் திரும்புகிறவர்களில் சிலர் வழியில் ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரவே என்கிற, நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் வரை நேரம் உண்டு, நம் வெயிலில் அத்தனை நேரமும் கால் வீங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கடையில் என்ன நடக்கிறது? உட்காரச் சொல்கிறார்கள், சைஸ் கேட்கிறார்கள், ஒரு காலில் மட்டும் மாட்டிவிட்டு "நாலு அடி நடந்து பாருங்க" என்கிறார்கள். வளையாத அடிப்பாகத்தோடு நடந்தால் யாருக்கும் குதிகால் கொஞ்சம் தூக்கத்தான் செய்யும், அதைப் பார்த்து லூஸ் என்று நினைத்து இன்னும் சின்ன சைஸை எடுத்துவிடுகிறார்கள். இந்த ஷூ நடப்பதற்கானதே இல்லை. ஸ்டாண்டில் நிறுத்திய ஒரு சைக்கிளில் ஏற்றி, கால் மணி நேரம் மிதிக்க விட்டால்தான் அது பொருந்துகிறதா இல்லையா என்பது தெரியும். அதற்குக் கடையில் இடம் இல்லை என்றால், வாங்குகிறவர் படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தை மட்டும் வைத்து அழுத்தி நின்று பார்க்கவாவது விட வேண்டும்.

அதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது, ஒரு பைசா செலவில்லை. ஷூவுக்குள் இருக்கிற இன்சோலை வெளியே உருவித் தரையில் போட்டு, வழக்கமாகப் போடுகிற சாக்ஸோடு அதன் மேல் முழு எடையையும் கொடுத்து நிற்க வேண்டும். குதிகால் பின்விளிம்போடு சேர்ந்திருக்கட்டும். இப்போது குனிந்து பார்த்தால், சுண்டுவிரல் பக்கம் பாதம் இன்சோலைத் தாண்டி நன்றாக வெளியே வழிகிறதா? அப்படியானால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, எத்தனை பேர் அதைப் பாராட்டி எழுதியிருந்தாலும் சரி. முன்னால் விரல் முட்டக் கூடாது, கொஞ்சம் இடம் வேண்டும். இதைக் காலையில் செய்யாமல் சாயங்காலம் செய்வது நல்லது, கால் அப்போது சற்றுப் பெரிதாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால் இன்னொன்றைவிடப் பெரியது என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும், பெரிய காலுக்குத்தான் சைஸ் எடுக்க வேண்டும்.

அகலம் போதவில்லை என்றால் நம் ஆட்கள் செய்வது, ஒரு நம்பர் கூட்டி வாங்குவது. ஐரோப்பிய அளவில் ஒரு நம்பர் கூடினால் நீளம் ஏறக்குறைய 6.7 மில்லிமீட்டர் கூடும், அகலம் அதில் ஒரு சின்னப் பங்குதான். கடி அப்படியே இருக்கும், கூடவே குதிகால் ஆடும், கிளீட் மாட்டும் துளைகளும் விரல் பக்கமாகத் தள்ளிப்போய்விடும். முன்பாதத்தின் தடித்த பகுதிக்குக் கீழே இருக்க வேண்டிய கிளீட் விரலடிக்குப் போனால் கெண்டைக்கால் சதைக்குத்தான் வேலை அதிகம்.

நம் கால் அகலம் என்பது யாரோ சொன்ன கதை இல்லை. சென்னை அடையாற்றில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் அகலம் என்று தெரிந்ததும், 'பா' என்ற பெயரில் நமக்கென்று ஒரு காலணி அளவு முறையை முன்வைத்தார்கள். இவ்வளவு வேலையும் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. பக்கத்திலேயே ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. இருந்தும் சைக்கிள் ஷூ என்று வந்தால் ஐரோப்பிய அச்சில் வார்த்த குறுகலான மாடல்கள்தான் நம் கடை அலமாரியில் இருக்கின்றன.

பெண்கள் பாடு இன்னும் மோசம். நான் போன கடைகளில் 40-க்குக் கீழே இருப்பு வைப்பதே அபூர்வம். என் அக்கா மகள் 37 கேட்டதற்கு, "ஆன்லைன்ல போட்டுப் பாருங்கம்மா" என்று பதில் வந்தது. போட்டுப் பார்க்கத்தானே அவள் கடைக்கு வந்தாள்?

கடைக்காரர்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நீளம், அகலம் இரண்டையும் அளக்கிற ஒரு அளவுப் பலகை வையுங்கள். பல கம்பெனிகள் அதே மாடலில் அகல வகையும் செய்கின்றன, அதில் நாலைந்து சைஸாவது வரவழையுங்கள், 36-லிருந்து தொடங்குங்கள். கிளீட் மாட்டாத, அழுக்காகாத ஷூவை ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்று பில்லிலேயே அச்சடியுங்கள். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த உறுதி வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை தொழிற்சாலைக்காரர்கள் அடையாறு நிலையத்து அளவுகளை வைத்து ஒரே ஒரு சைக்கிள் ஷூ மாடலாவது செய்து பார்க்கட்டும். வாங்குவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேடவாக்கம், சென்னை.